என்.வி.கியூ 4 முடித்து வேலைக்குப் போகிறவருக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

கிளிநொச்சியில் என்.வி.கியூ 4 என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் முடித்துவிட்டேன், கிராமர் சுத்தமாக வராது, ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குக் காசு கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

கட்ட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகுப்புகள் பலதில் ஹோட்டலில் சாப்பாடு ஓடர் பண்ணத்தான் பழக்குவார்கள், மோட்டர் ஏன் சூடாகிறது என்று சொல்வதற்கு அது உதவாது.

நான் அரிசி ஆலை மெசின்கள் பார்க்கிற ஆள். ஆலையில் கலர் சோர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது, கறுத்த அரிசியையும் கல்லையும் கமெராவால் பார்த்துக் காற்றடித்துத் தள்ளும். அது நின்றால் கொழும்பில் இருக்கிற சிங்கள இஞ்சினியரோடும் மெசின் செய்த சீனாக்காரரோடும் வாட்ஸ்அப்பில்தான் கதைக்க வேண்டும், மூன்று பேருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலம். "மெசின் நொட் வேர்க்கிங்" என்று அனுப்பினால் கேள்விக்கு மேல் கேள்வி திரும்பி வரும். "ஸ்டார்ட், எயார் பிரஷர் 6 பார். ஆஃப்டர் 20 மினிட்ஸ், 4 பார். தென் ஸ்டொப்" என்று அனுப்பிப் பாருங்கோ (இங்கே பார் என்பது அழுத்தத்தின் அலகு), இலக்கணம் எங்கே என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள், கொம்பிரசரைப் பார், லீக் இருக்கா பார் என்று உடனே பதில் வரும்.

விமானத் துறையில் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1980களில் ஐரோப்பாவில் தொடங்கி இப்போது ஏ.எஸ்.டி. எஸ்.டி.ஈ. 100 என்ற பெயரில் இருக்கிறது, மனுவல் எழுதுவதற்கான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் அது. தொழில்நுட்பச் சொற்களை விட்டால் பொதுச் சொற்கள் கிட்டத்தட்ட 900தான். வேலைமுறை சொல்லும் வசனம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது. ஒரே நேரத்தில் செய்கிற வேலைகள் இல்லையென்றால் ஒரு வசனத்துக்கு ஒரு கட்டளைதான். பிளேன் திருத்துகிறவர்களுக்கே அது போதுமென்றால் நமக்கென்ன?

அப்புறம், போனில் இலக்கம் சொல்லும்போது கவனம். ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் பிஃப்டீனும் பிஃப்டியும் ஒரே மாதிரித்தான் கேட்கும், அதனால் "வன் ஃபைவ்", "ஃபைவ் சீரோ" என்று பிரித்துச் சொல்லுங்கோ. மற்றப் பக்கத்தில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கோ. விளங்காமலே "யெஸ் சேர்" போடுகிற பழக்கம் எங்கட பொடியளிடம் நிறைய இருக்கிறது, கரண்ட் பிரேக்கர் ஓஃப் பண்ணியாச்சா என்ற கேள்விக்கும் அதே "யெஸ் சேர்" வந்தால் உள்ளே கை வைத்திருக்கிறவனின் உயிர்தான் போகும்.

சரி, வகுப்புக்குப் போவதென்றால் உங்கள் மெசினின் மனுவலை முதல் நாளே கொண்டுபோய்க் காட்டுங்கோ. அதை வைத்துச் சொல்லித்தர ஏலாது என்றால் வேறு இடம் பாருங்கோ.