வீட்டில் நோயாளியைப் பார்க்க ஆள் வைப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

30 வருடங்களுக்கு மேல் வார்டில் தாதியாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் பிள்ளைகளுக்கு வேலை பழக்கிக் கொடுக்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

கல்லடியிலிருந்து ஒரு மகள்: மிஸ், அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஆசிரியை. அண்ணன்மார் வெளிநாட்டில் இருந்து "ஆள் வை, காசு அனுப்புகிறோம்" என்கிறார்கள். பெத்த தாயை அந்நியரிடம் விட்டால் சனம் என்ன சொல்லும்?

சனம் இரண்டு நாள் சொல்லும் மகள். அம்மாவைத் தூக்கி இறக்கப் போவது நீங்கள்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், தாயும் தகப்பனும் கடைசிக் காலத்தில் மகளோடு இருப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அதனாலேயே முழுப் பாரமும் ஒரு பெண்ணின் முதுகில் வந்து விழுகிறது. ஆரையம்பதிப் பக்கம் ஒரு மகள் தாயை எட்டு மாதம் தனியாகவே தூக்கி, கழுவி, உடுப்பு மாற்றினார். கடைசியில் அவருக்கே முதுகெலும்புத் தட்டு விலகிப் படுத்துவிட்டார். ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள். நான் போனபோது அந்தத் தாய் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "என்னை விடு புள்ள, அவளைப் பார்." அன்றைக்குத்தான் ஆள் வைக்கச் சம்மதித்தார்கள்.

பழகிய ஆள் வந்தால் குளிப்பாட்டுவது, புரட்டுவது, நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, கை கால் பயிற்சி செய்விப்பது எல்லாம் அவரிடம் போய்விடும். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் இருந்து கதைக்கலாம், தலை வாரிவிடலாம். அம்மாவுக்கு உங்களிடம் வேண்டியது அதுதான்.

நேரத்தைக் கடத்தாதீர்கள். பாரிசவாதத்தில் உடம்பு கூடுதலாகத் தேறுவது முதல் மூன்று மாதத்தில்தான். அந்த நாட்களில் உடற்பயிற்சி சிகிச்சையாளர் காட்டிக் கொடுத்ததை ஒவ்வொரு நாளும் செய்விக்க ஒருவர் வேண்டும். அப்புறம், இழுத்த கையைப் பிடித்து இழுத்து எழுப்ப யாரையும் விடாதீர்கள், தோள் மூட்டு விலகிவிடும். சாப்பாடு கொடுக்கும்போது நன்றாக நிமிர்த்தி இருத்துங்கள், முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். விழுங்கும்போது இருமினாலோ, குரல் நனைந்ததுபோல் கேட்டாலோ உடனே நிறுத்தி டொக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கினால் நியூமோனியா வரலாம்.

களுவாஞ்சிக்குடி: தாதி வேண்டுமா, பராமரிப்பாளர் போதுமா? இரண்டுக்கும் காசு நிறைய வித்தியாசம்.

நோயாளியின் உடம்பில் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மூக்குக் குழாய், சலக் குழாய், ஆழமான புண், ஊசி மருந்து இருந்தால் பதிவு பெற்ற தாதி வரத்தான் வேண்டும். அதற்காக நாள் முழுக்கத் தேவையில்லை. புண் கட்டவும் குழாய் மாற்றவும் டொக்டர் சொன்ன நாட்களில் தாதி வந்து போகட்டும், மற்ற நேரம் பராமரிப்பாளர் இருக்கட்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த ஏற்பாடு போதும், செலவும் தாங்கும்.

சலப் பையை வெறுமையாக்குவதைப் பராமரிப்பாளர் செய்யலாம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டக் கூடாது. கட்டிலில் நோயாளிக்குப் பக்கத்தில் பையைத் தூக்கி வைப்பதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். சலம் திரும்பி உள்ளே போய்க் கிருமி ஏறும்.

ஆளை எடுக்கும்போது அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, முன்பு வேலை செய்த ஒரு வீட்டின் தொலைபேசி இலக்கம், இவ்வளவும் கேளுங்கள். பராமரிப்பாளருக்கான தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் மிக நல்லது. ஆனால் சான்றிதழைப் பார்த்ததோடு விடாதீர்கள். உங்கள் முன்னால் ஒருமுறை நோயாளியைப் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

காரைதீவு: அப்பா மூன்று மாதமாகப் படுக்கை. முதுகு அடியில் ஒரு கருப்பு அடையாளம். பார்க்கும் பிள்ளை எண்ணெய் போட்டுத் தேய்த்துவிடுகிறார். சரிதானா?

சரியில்லை. இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்த இடத்தை விரலால் மெதுவாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்தும்போது நிறம் வெளிறித் திரும்பி வந்தால் தோல் இன்னும் தாங்குகிறது. மாறாமல் அப்படியே நின்றால் அதுதான் படுக்கைப் புண்ணின் தொடக்கம். புத்தகங்களில் "சிவந்திருக்கும்" என்று எழுதியிருப்பார்கள். எங்கள் தோல் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ஊதாவாகவோ கருப்பாகவோ தெரியும், வெளிறுவதும் சிலவேளை பிடிபடாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, கெட்டியாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதைத் தேய்த்தால் உள்ளே நைந்துபோன சதை இன்னும் நையும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள், இரவிலும்தான். ஒரேயடியாகச் சரிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சம் சரித்தால் போதும். குதிக்கால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள். மேலே நகர்த்தும்போது அக்குளில் பிடித்து இழுக்காதீர்கள். பழைய பருத்திச் சீலை ஒன்றை நாலாக மடித்து முதுகுக்குக் கீழே போட்டு, இருவர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வையுங்கள். பம்பஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள். முட்டை, மீன், பருப்பு கொடுங்கள், புரதம் இல்லாமல் தோல் ஆறாது. சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் அளவை டொக்டரிடம் கேளுங்கள். காற்று மெத்தை உதவும். அதை வாங்கிவிட்டுப் புரட்டுவதை நிறுத்திய வீடுகளில்தான் எலும்பு தெரியும் புண்களைக் கண்டேன்.

அந்தப் பிள்ளையை ஏச வேண்டாம். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வெல்லாவெளி: வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரைக்கு எந்த நிறுவனமும் ஆள் அனுப்புவதில்லை. நாங்கள் என்ன செய்வது?

வைத்தியசாலையில் இருந்து வரும் முன்னரே தொடங்குங்கள். வார்டில் தாதியிடம் "இதை எங்களுக்குச் செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள், அடுத்த தடவை நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். வெட்கப்படாதீர்கள், என்னிடம் கேட்ட குடும்பங்களுக்கு நான் சந்தோசமாகவே காட்டினேன். அப்புறம் ஊரிலேயே நிதானமான, மனம் இளகிய ஒரு பெண்ணைத் தேடி அவருக்கும் பழக்குங்கள், சம்பளம் பேசியே கொடுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், உதவிகளை அவரிடம் விசாரியுங்கள். திடீரென்று முகம் கோணினால், பேச்சுக் குழறினால் வாகனம் தேடி நேரத்தைக் கழிக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

காத்தான்குடி: உம்மாவுக்குப் பெண் ஆள்தான் வேண்டும், தொழுகை நேரமும் தெரிந்தவராக. இப்படிக் கேட்பது கூடுதலா?

இல்லவே இல்லை. முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிப்பாட்டும்போது முழு உடம்பையும் திறக்காமல், கழுவும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடி வைப்பது எந்த நோயாளிக்கும் உரிய முறை. தொழும் நேரத்துக்கு முன் சுத்தம் செய்து உடுப்பு மாற்றும்படி நேரத்தை அமைக்கலாம்.

திருக்கோவில்: அப்பாவின் இன்சுலினைப் பராமரிப்பாளர் போடலாமா?

அளவு மாற்றும் உரிமை டொக்டருக்கு மட்டும்தான். தாதி ஒருவர் நேரில் பழக்கி, அளவை எழுதி ஒட்டி வைத்தால், வீட்டில் ஒருவர் போடுவதைப் போல அவரும் போடலாம். கட்டாயம் தெரிய வேண்டியது இரத்தத்தில் சீனி இறங்கும் அறிகுறி. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் சோதித்துப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 1990தான்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு பராமரிப்பாளர்: மிஸ், நோயாளியைப் பார்க்க வந்த என்னிடம் முழு வீட்டுக்கும் சமைக்க, உடுப்புத் தோய்க்கச் சொல்கிறார்கள். இரவிலும் நித்திரை இல்லை. எப்படிச் சொல்வது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை எல்லா வீட்டாரும் வாசிக்க வேண்டும். நோயாளியின் சாப்பாடு, நோயாளியின் உடுப்பு, நோயாளியின் அறை, இவ்வளவும்தான் உங்கள் வேலை. இரவு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புகிறவர் பகலில் தொடர்ந்து நித்திரை கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மருந்து மாறும், கை தவறும். கிழமையில் ஒரு நாள் லீவு கேளுங்கள், அன்றைக்கு வீட்டார் பார்க்கட்டும்.

ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனை மணிக்குப் புரட்டினீர்கள், என்ன சாப்பிட்டார், சலம் எவ்வளவு போனது, எந்த மருந்து கொடுத்தீர்கள், நீங்கள் எப்போது படுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு கிழமை கழித்து அதை வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அப்போதும் மாறாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே அவர்களோடு கதைக்கிறேன்.