எம்கேடிர் செய்யும் வம்பு

கேள்வி: கொழுந்து நிறுவையை நாளுக்கொரு ஃபோல்டரில் சேமிக்க சி-யில் எழுதிய புரோகிராம் என் லினக்ஸ் லெப்டொப்பில் ஓடுகிறது. தோட்ட ஆபீஸ் விண்டோஸுக்காக மிங்டபிள்யூ (MinGW) கொம்பைலரில் கொம்பைல் செய்தால், ஃபோல்டர் உருவாக்கும் எம்கேடிர் (mkdir) ஃபங்ஷனுக்கு ஆர்கியூமென்ட் அதிகம் என்கிறதே?
- மாணவன், ஹட்டன்

பதில்: தம்பி, பிழை உங்கள் கணக்கில் இல்லை. லினக்ஸ் எம்கேடிர் பாதையும் கேட்கும், 0755 மாதிரி அனுமதி எண்ணும் கேட்கும். விண்டோஸுக்குப் பாதை மட்டும் போதும். அனுமதியைத் தாய் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

எந்த சிஸ்டம் என்று பார்க்கும் இஃப்டெஃப் (#ifdef) வரிகளைக் கண்ட இடமெல்லாம் தூவாதீர்கள். ஒரே ஒரு சின்ன ஃபங்ஷன் போடுங்கள். அதற்குள், விண்டோஸ் கொம்பைலர் வைக்கும் அடையாளமான _வின்32 (_WIN32) இருந்தால் டைரக்ட்.எச் (direct.h) ஹெடரில் உள்ள _எம்கேடிர், இல்லாவிட்டால் லினக்ஸின் பழைய எம்கேடிர். 64 பிட் விண்டோஸிலும் அந்த _வின்32தான் இருக்கும். பண்டாரவளையில் ஒரு மழை இரவு, கரண்ட் போவதற்குள் முடிக்கும் அவசரத்தில், 64 பிட்டில் மட்டும் இருக்கும் _வின்64-ஐப் பார்த்து 32 பிட்டில் மாட்டிக்கொண்டவன் நான்.

அப்புறம், காலை நிறுவைக்குப் போட்ட ஃபோல்டரையே அந்தி நிறுவைக்கும் போடப் பார்த்தால் இரண்டு பக்கமும் -1 வரும். பிழை எண்ணைச் சொல்லும் எர்னோவில் (errno) ஈஎக்ஸிஸ்ட் (EEXIST), அதாவது ஏற்கெனவே இருக்கிறது என்றால் பேசாமல் மேலே போங்கள். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கிறீர்களா? சரி, விண்டோஸில் யூனிகோட் பெயரை ஏற்கும் _டபிள்யூஎம்கேடிர்தான் (_wmkdir) நம்பகம்.