ஸ்கேற்றை வாடகைக்கு எடுங்கள், சப்பாத்தை வாங்குங்கள்

கேள்வி: ஆவணி மாதம்தான் கனடா வந்தோம். ஸ்காபரோவில் இருக்கிறோம். ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு ஆண் பிள்ளைகள். சனி ஞாயிறு வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் பார்க்கில் ஸ்னோவில் விளையாட விட ஆசை. கடைக்குப் போய் வண்டில் நிறைய எடுத்து, கூட்டிப் பார்த்து, பாதியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தோம். எது கட்டாயம் வேண்டும்?

பதில்: நீங்கள் திரும்ப வைத்த பாதிக்குள் சப்பாத்து இருந்தால், தங்கச்சி, போய் அதை எடுத்துவிடுங்கள். பார்க்குக்குப் போன குடும்பம் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தால், காரணம் பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கால் விரலாகத்தான் இருக்கும். உள்ளே கம்பளி போன்ற உறை தனியாகக் கழன்று வரும் சப்பாத்தாகப் பாருங்கள். இரவில் அந்த உறையை வெளியே எடுத்து வைத்தால் விடியக் காய்ந்திருக்கும். உறை கழலாத சப்பாத்து நன்றாக நனைந்தால் அடுத்த நாளும் ஈரம்தான்.

வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டாம். தடித்த சொக்ஸ் போட்டு, காலை முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் உங்கள் விரல் ஒன்று போனால் அளவு சரி. இறுக்கமாக இருந்தால் இன்னும் மோசம், விரல் அசையாத சப்பாத்துக்குள் சூடு தங்காது. அட்டையில் மைனஸ் 30, மைனஸ் 40 என்று போட்டிருப்பதை ஒரு ஆறுதலுக்கு வாசிக்கலாம். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி அளப்பதில்லை.

அடுத்தது கை. ஐந்து விரலும் தனித்தனியாகப் போகும் கையுறையை விட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிற்ரன் சூடு கூட. ஜக்கெற்றின் கைக்கு மேலே ஏறும் நீளத்தில், ஆளுக்கு இரண்டு சோடி. ஒன்று நனையும், அல்லது தொலையும்.

ஸ்னோ காற்சட்டை வாங்கும்போது கால் நுனியை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் வேறு நிற நூலால் ஒரு மடிப்புத் தைத்திருப்பார்கள். அடுத்த வருடம் அந்த நூலை வெட்டிவிட்டால் கால் நீளும், இன்னொரு குளிர்காலம் ஓடும். உள்ளே போட பருத்தி வேண்டாம். ஊரில் பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்தோம். இங்கே அது வியர்வையில் நனைந்து, காயாமல் உடம்போடு ஒட்டிக் குளிரும். பொலியெஸ்ரர் அல்லது கம்பளி போடுங்கள்.

காசு கட்டியதும் பில்லைப் பாருங்கள். ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம். ஆனால் சிறுவர் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் மாகாணத்தின் 8 வீதம் கிடையாது, 5 வீதம் மட்டும்தான். சப்பாத்தில் 6ஆம் அளவு வரை இந்தச் சலுகை உண்டு. ஒருமுறை என் மகனின் ஸ்னோ காற்சட்டைக்கு ஒரு கடையில் முழு 13 வீதமும் போட்டுவிட்டார்கள். கவுன்ரரில் நின்ற பிள்ளைக்கும் விஷயம் தெரியவில்லை, மனேஜரைக் கூப்பிட்டார். இரண்டு நிமிடத்தில் மிச்சக் காசு வந்தது. நான் பார்க்காமல் வந்திருந்தால் போனதுதான்.

கேள்வி: வகுப்பில் எல்லோரிடமும் ஐஸில் சறுக்கும் ஸ்கேற் இருக்கிறது என்று மகள் அழுகிறாள். ஆறு வயது. வாங்கிக் கொடுக்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: முதல் நான்கைந்து தடவைக்கு வாடகைதான். ரொறன்ரோ நகரசபையின் திறந்தவெளி ஸ்கேற் தளங்கள் ஐம்பது வரை இருக்கின்றன. கார்த்திகைக் கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை, உள்ளே போகக் காசில்லை. ஆனால் எல்லா இடத்திலும் ஸ்கேற் வாடகைக்குக் கிடைக்காது. நகர மண்டபத்துக்கு முன்னால் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் கிடைக்கும். விழுந்து எழும்பி, "இன்னும் ஒருக்கா" என்று பிள்ளை தானே கேட்ட பிறகு வாங்கினால் அந்தக் காசு வீண்போகாது.

வாங்கும்போது, கால் வளர வளர நீட்டக்கூடிய சிறுவர் ஸ்கேற் நல்ல யோசனை. பழையதும் பரவாயில்லை. கணுக்காலைச் சுற்றிய பகுதியை இரண்டு கையாலும் அமர்த்திப் பாருங்கள், துணி மாதிரி மடிந்தால் விட்டுவிடுங்கள். ஸ்கேற் அளவு பெரும்பாலும் சாதாரணச் சப்பாத்தை விட ஒன்று, ஒன்றரை குறைவாக வரும். அதனால் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது, அதுவும் மெல்லிய சொக்ஸோடு. தடித்த சொக்ஸ் போட்டால் கால் உள்ளே ஆடும். இன்னொன்று, புது ஸ்கேற்றின் அலகு பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும். இது தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிவிட்டு, "பிள்ளைக்குச் சறுக்க வரவில்லை" என்று கவலைப்பட்ட அப்பாக்களில் நானும் ஒருவன். கடையிலேயே தீட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலகைத் துணியால் துடையுங்கள். பிளாஸ்ரிக் உறையை மாட்டியபடி வைத்தால் துருப்பிடிக்கும்.

ஹெல்மெற்றை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். எத்தனை தரம் அடிபட்டது என்று வெளியே பார்த்துத் தெரியாது. கனடாவில் விற்கும் ஐஸ் ஹொக்கி ஹெல்மெற், கனடாவின் தர நிர்ணய அமைப்பான சிஎஸ்ஏயின் தரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம், அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

வரிக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு: ஸ்கேற் விளையாட்டுச் சாமான், அதற்கு 5 வீதச் சலுகை இல்லை. அங்கே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்னோ மூடிய சரிவில் சறுக்கி விளையாட எந்த ஸ்லெட் நல்லது? காற்று நிரப்பும் ரியூப் மலிவாக இருக்கிறதே.

பதில்: மலிவுதான். ஆனால் அது போகிற பக்கம்தான் போகும், பாதி வழியில் சுழன்று பின்பக்கமாகவும் இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இருந்தபடி, கால் முன்னால் நீட்டி, கையால் பிடிக்க ஏதாவது உள்ள கெட்டிப் பிளாஸ்ரிக் ஸ்லெட் போதும். தலையை முன்னால் நீட்டிப் படுத்து இறங்க விட வேண்டாம். ஹொக்கி ஹெல்மெற் இருந்தால் அதையே போடலாம். கழுத்தில் சால்வை சுற்றினால் எங்காவது மாட்டி இழுக்கும், தலைவழியாகப் போடும் கழுத்துறை நல்லது.

ஸ்லெட்டைத் தெரிவு செய்வதை விட இடத்தைத் தெரிவு செய்வதில் நேரம் செலவழியுங்கள். அடிவாரத்தில் மரமோ வேலியோ வீதியோ இல்லாமல், ஓடி நிற்க நீண்ட வெளி வேண்டும். 2024 ஜனவரியில் ரொறன்ரோ நகரசபை 45 சரிவுகளில் சறுக்கத் தடை போட்டுப் பலகை வைத்தது. நிறையப் பேர் கோபப்பட்டார்கள். எனக்கும் சில இடங்களைப் பற்றிக் கோபம்தான். ஆனாலும் முதல்முறை போகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வேறு சரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு 68 வயது. பேரப் பிள்ளைகளோடு நானும் மனைவியும் நடக்கப் போக ஆசை, விழுந்துவிடுவோமோ என்று பயம். அதோடு பார்க் கட்டணம் வேறு.

பதில்: ஐயா, ஸ்காபரோப் பக்கம் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் பாதைகளில் ஸ்னோ தள்ளமாட்டார்கள், மற்றவர்கள் மிதித்து மிதித்து ஐஸாகிவிடும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் ரப்பர் வளையங்கள் விற்கிறார்கள், அடியில் சின்ன இரும்பு முள் இருக்கும். சுருள் கம்பி மட்டும் உள்ளதை விட முள் உள்ளது ஐஸில் நன்றாகப் பிடிக்கும். கையுறையோடு மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே செய்து பாருங்கள். வரும் வழியில் கோப்பி குடிக்கக் கடைக்குள் போனால் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். மாபிள் தரையில் அந்த முள் ஐஸை விட மோசமாக வழுக்கும்.

மாகாணப் பூங்காக்களுக்கு வாகன அனுமதி எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் பல நூலகங்கள் அந்த அனுமதி அட்டையைப் புத்தகம் மாதிரியே இரவல் தருகின்றன, உங்கள் நூலகத்தில் கேளுங்கள். கிடைத்தால் ஹன்ட்ஸ்வில் பக்கம் ஆரோஹெட் பூங்காவுக்கு மகனை வண்டியோட்டச் சொல்லுங்கள். அங்கே காட்டுக்குள்ளே 1.3 கிலோமீற்றர் ஐஸ் பாதை, பேரப் பிள்ளைகள் ஸ்கேற்றில் போகலாம். வார இறுதியில் இடம் முடிந்துவிடும், முன்கூட்டியே பதியாமல் அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் மார்கழி முதல் வாரம் 140 டொலருக்கு இரண்டு ஸ்னோ ஜக்கெற் எடுத்தோம். "வரும், வரும்" என்கிறார்கள். தை முடியப் போகிறது.

பதில்: சொன்ன திகதியிலிருந்து, திகதி சொல்லாவிட்டால் வாங்கிய நாளிலிருந்து, 30 நாளுக்குள் பொருள் வராவிட்டால் ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி நீங்கள் ரத்துச் செய்யலாம். ஆனால் பொருள் வந்து சேர முதல் செய்ய வேண்டும். ஆகவே இன்றைக்கே ஈமெயில் போடுங்கள், தொலைபேசியில் சொன்னால் சாட்சி இல்லை. 15 நாளுக்குள் அவர்கள் காசைத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால், அதற்குப் பிறகு 60 நாளுக்குள் கிரெடிட் கார்ட் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். அந்த ஈமெயிலின் பிரதியும் பில்லும் கூட அனுப்புங்கள்.

காசு வரும்வரை காத்திருக்காமல் கடைப்பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். தைக் கடைசியில் வசந்தகால உடுப்புக்கு இடம் வேண்டுமென்று ஜக்கெற்றுகளை விலை குறைத்துத் தள்ளத் தொடங்குவார்கள், ஸ்னோ இன்னும் ஒன்றரை மாதம் கிடக்கும். "கடைசி விற்பனை, திருப்பி எடுக்கமாட்டோம்" என்று எழுதியிருந்தால் அளவு பிழைத்ததற்கு ஒன்றும் செய்ய முடியாது. முதல் வாரத்திலேயே ஜக்கெற்றின் ஸிப் கழன்று வந்தால் அது வேறு கதை, பில்லோடு திரும்பப் போங்கள்.