பஞ்சிங் ஃபைலும் பணமும்

வணக்கமுங்க. அவிநாசியில் எம்பிராய்டரி ஜாப் ஒர்க் செய்கிறோம். டிசைனை மெஷின் படிக்கிற தையல் ஃபைலாக மாற்றும் பஞ்சிங் வேலையை முழுக்க வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறோம். படம் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருளும், அதற்குள் ஓடிப் பஞ்சிங் செய்யும் இங்க்/ஸ்டிட்சும் காசில்லாமல் கிடைப்பதாகப் பையன் சொல்கிறான். யாரும் எடுத்து, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் பணத்தை நம்பாத உற்பத்திக்கு ஒரு வழி என்று எழுதியிருந்தீர்கள். காசு வாங்காமல் செய்கிறவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? நம் தொழிலில் இது நடக்கிற காரியமுங்களா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பையன் சொன்னது சரி, நம்பி இறங்கலாம். உங்கள் கையில் இருக்கும் ஃபைலிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளியிலிருந்து உங்களுக்கு வருவது டிஎஸ்டி என்ற தையல் ஃபைல். ஊசி எங்கெங்கே இறங்க வேண்டும் என்பதுதான் அதில் இருக்கும். நூலின் நிறம்கூட இருக்காது. நிறம் மாற்ற நிற்கும் இடம் மட்டும் இருக்கும். 70 மி.மீ. லோகோவை பையர் (துணி வாங்குகிறவர்) 90 ஆக்கச் சொல்கிறார் என்று வையுங்கள். மெஷினிலேயே இழுத்துப் பெரிதாக்கினால் தையல் வரிகளுக்கு நடுவே 0.4 மி.மீ. இருந்த இடைவெளி 0.5-ஐத் தாண்டி, அடியில் துணி தெரியும். மறுபடியும் பஞ்சிங்காரரிடம்தான் போக வேண்டும். இங்க்/ஸ்டிட்சில் நீங்கள் வைத்திருப்பது எஸ்விஜி என்ற பட ஃபைல். வடிவமும் அளவுகளும் தனித்தனியாக இருப்பதால், பெரிதாக்கியதும் அதே 0.4-க்கு அது புதிதாகத் தையல் போட்டுத் தரும். ஓரத்துக்கு ஓரம் நீளமாகப் போகும் சாட்டின் தையலின் அகலம் 7 மி.மீ.யைத் தாண்டினால் மட்டும், சிறு தையல்களாக நிரப்பும் ஃபில்லாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நூல் எதிலாவது மாட்டி இழுபடும்.

மென்பொருளில் இந்த எஸ்விஜியின் இடத்தில் இருப்பது மூலநிரல், அதாவது மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவம். 1983-ல் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்ததும், 1989-ல் அதற்கான ஜிபிஎல் உரிமம் வந்ததும் இதற்காகத்தான். மென்பொருளை மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அவருக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் யூனிட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் போடும் டிசைனை இந்த உரிமம் தொடாது. பையர் லோகோ பற்றிய பயம் வேண்டாம்.

இனி பிழைப்பு. கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு நிரல் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே எழுதுகிறார்கள். சம்பளமே இல்லாமல் எழுதுகிறவர்களும் உண்டு. ஆக, உழைப்பவருக்குப் பணம் வரலாம்; பிரதிக்கு விலை இல்லை. இதை மொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மொய் நோட்டில் பெயர் ஏறும், திருப்பிச் செய்தாக வேண்டும். இங்கே அந்த நோட்டே கிடையாது. எடுத்துக்கொண்டவர் எதுவும் திருப்பித் தராவிட்டாலும் கொடுத்தவரிடம் இருந்தது குறைவதில்லை என்பதால்தான் இது நடக்கிறது.

நூல் கோன் அப்படியில்லை, ஓட ஓடத் தீரும். கரண்ட் பில்லும் அப்படித்தான். 1999-ல் ஜெர்மனியில் தொடங்கிய ஓகோனக்ஸ் குழு, கட்டற்ற மென்பொருள் போலவே பிற பொருள்களையும் பணமில்லாமல் உண்டாக்க முடியுமா என்று நெடுநாள் விவாதித்தது. நூலுக்கும் கரண்டுக்கும் அந்த வழி இன்னும் திறக்கவில்லை என்பதே என் கணிப்பு. ஆனால் தொழிலில் உள்ள அறிவுக்கு இன்றைக்கே திறந்திருக்கிறது. உங்கள் ஊரில் அது பெரிய காரியம்.

பனியன் துணியான சிங்கிள் ஜெர்சியில் வட்டம் முட்டை வடிவமாவதும், ஃபில்லுக்கும் அவுட்லைனுக்கும் நடுவே சந்து விழுவதும் ஒவ்வொரு யூனிட்டும் துணியைப் பாழாக்கிக் கற்கும் பாடங்கள். தையல் துணியை உள்ளே இழுப்பதுதான் காரணம். இந்த இழுப்பைச் சரிக்கட்டத் தையலைச் சற்று அகலமாக்குவதுதான் காம்பன்சேஷன். இங்க்/ஸ்டிட்சில் அது சாட்டினுக்குப் புல் காம்பன்சேஷன், ஃபில்லுக்கு எக்ஸ்பாண்ட் என்று இருக்கும்; இரண்டும் சுழியத்தில் இருக்கும், 0.2 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். அடித்தையலான அண்டர்லேயை மேல் தையலுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். அடியில் கட்-அவே பேப்பர் (தைத்தபின் ஓரத்தை மட்டும் வெட்டிவிடும் தாங்கு தாள்) வையுங்கள். ஃபிரேமில் துணியை இழுத்து மாட்டினால், கழற்றியதும் சுருங்கிச் சுருக்கம் விழும். ஒரு ஹெட்டில் மட்டும் ஓட்டி, ஃபிரேமைக் கழற்றிய பிறகு அளந்து பாருங்கள்.

துணி வகை, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), பேப்பர், வேகம், காம்பன்சேஷன் ஐந்தையும் எழுதி வைத்து, லோகோ இல்லாத சோதனை எஸ்விஜியோடு பக்கத்து யூனிட்டுக்குக் கொடுங்கள். பிக்கே, ஃப்ளீஸ் போன்ற மற்றத் துணிகளுக்கு அவர்கள் கண்ட அளவைக் கேளுங்கள். தராவிட்டாலும் நீங்கள் கொடுங்கள். டிஎஸ்டி அனுப்பும்போது நிற வரிசையைத் தாளில் எழுதிச் சேர்த்தனுப்ப மறக்க வேண்டாம்.