பத்மநாபபுரம் அரண்மனையின் பழைய வரைபடங்களை மின்னுருவாக்குவது எப்படி?

முதலில் ஒன்று: தக்கலை அருகே உள்ள இந்த அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும், நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். எனவே அனுமதிக் கடிதம் திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும். மதிலகம் ஓலைகளும் (பத்மநாபசுவாமி கோயிலின் பழைய பதிவுச் சுவடிகள்) திருவனந்தபுரத்தில்தான்.

தாள் வரைபடங்களை உருளை வழியே இழுக்கும் ஸ்கேனரில் விடவே கூடாது, மடிப்பில் கிழிந்துவிடும். சமதளத்தில் விரித்து, மேலிருந்து கேமராவால் எடுப்பதே நல்லது. பக்கத்தில் அளவுகோலும், நிறத்தைச் சரிபார்க்க வண்ண அட்டையும் கட்டாயம். அளவுகோல் இல்லாத வரைபடப் படம் அழகுக்குத்தான் உதவும். மூலக்கோப்பு தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில், பார்வைக்கு ஜேபெக் (JPEG).

ஓலைகளுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். கீறிய எழுத்து அப்போதுதான் நிழல் விழுந்து தெரியும். ஓலையைப் பாதுகாக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதை ஆவணக் காப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கல்: தச்சர்கள் கோல், அங்குலம் என்ற பழைய தச்சு அளவுகளில் கட்டியவை இம்மர மாளிகைகள். எல்லாவற்றுக்கும் தாள் வரைபடம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அரண்மனையின் மாடிக் கட்டடமான உப்பரிகை மாளிகை போன்றவற்றை லேசர் ஸ்கேன் செய்து புதிதாக வரைவதே வழி. அந்த வரைபடத்தில் அளந்த தேதியைக் குறித்துவிடுங்கள். பழையதென்று பின்னால் யாரும் மயங்கக் கூடாது.