ஏரிஸைத் தவறவிட்ட கணினி

கேள்வி: ஏரிஸ் என்னும் குறுங்கோளைக் கண்டுபிடித்ததாக வானியலாளர் மைக் பிரவுனைக் கொண்டாடுகிறார்கள். படம் எடுத்தது தொலைநோக்கி, சலித்தது கணினி. இதில் அவர் செய்தது என்ன?

பதில்: கணினி சலித்தது உண்மைதான், சலித்தபோது ஏரிஸையும் உமியோடு சேர்த்துக் கொட்டிவிட்டது என்பதைத் தாங்கள் குறிப்பிடவில்லை.

கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்திலுள்ள 48 அங்குலத் தொலைநோக்கி 2003 அக்டோபர் 21 அன்று எடுத்த படங்களிலேயே ஏரிஸ் பதிவாகியிருந்தது. வானின் ஒரே பகுதியைச் சில மணி நேரத்துக்குள் மூன்று முறை படமெடுத்து, விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறிய புள்ளி எது என்று தேடுவதே பிரவுன் குழுவினருடைய முறை. அந்த இடமாற்றத்தின் பெரும்பகுதி பூமியின் ஓட்டத்தால் தோன்றுவது. ரயிலில் போகிறவருக்கு அருகிலுள்ள கம்பங்கள் பின்னால் பறக்க, தொலைவிலுள்ள மலை கூடவே வருவதைப் போல, தொலைவு கூடக் கூடப் புள்ளியின் நகர்வு குறையும். மெல்ல நகர்வனவாகத் தோன்றும் புள்ளிகளில் பொய்யானவை ஏராளம் என்பதால், மணிக்கு 1.5 விகலைக்கும் (விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) குறைவாக நகரும் எதையும் ஒதுக்கிவிடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. ஏரிஸ் அந்த விதியால்தான் ஒதுக்கப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில் செட்னா என்னும் தொலைதூர வான்பொருள் அந்த வரம்பைச் சற்றே தாண்டியதால் அகப்பட்டது. அப்படியானால் அதைவிட மெதுவாக நகர்ந்து நழுவிப்போனவை எவை என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயம் கணினிக்கு வரவில்லை, ஐயா. வரம்பைத் தளர்த்திப் பழைய படங்களையே மறுபடி ஆராய்ந்தார்கள். அதனால் பெருகிய பொய்ப் புள்ளிகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே கழிக்க வேண்டியிருந்தது. 2005 ஜனவரி 5 அன்று, சூரியனிடமிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல ஏறத்தாழ 97 மடங்கு தொலைவில், சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 560 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் ஏரிஸ் கண்ணில் பட்டது.

அதைப் பத்தாவது கோள் என்றே முதலில் அறிவித்தார்கள். 2006-இல் பிராகாவில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவோடு ஏரிஸையும் குறுங்கோள் என்று வகைப்படுத்தியபோது, தம் பெருமையைக் குறைத்த அந்த முடிவைப் பிரவுனே ஆதரித்தார். புகழுக்கு அலைந்தவர் செய்யக்கூடிய காரியமன்று.

தங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம்: இந்தக் கண்டுபிடிப்பு பிரவுனோடு பணியாற்றிய சாட் டுருஹியோ, டேவிட் ரபினோவிட்ஸ் ஆகியோருக்கும் உரியது. அவர்கள் பெயரைத் தாங்களும் கேட்கவில்லை.