விரல் முட்டிக்கும் பலகைக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

உங்கள் சமையல் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மனைவிக்கு மருத்துவமனையில் வேலை, நேரம் கெட்ட நேரத்தில்தான் வீடு திரும்ப முடிகிறது. ஆகவே இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சமையல் என் பொறுப்பு. அடுப்பின் முன் நிற்பதில் எனக்குச் சலிப்பே இல்லை. காய் நறுக்குவதில்தான் துன்பம். என் உயரம் 188 சென்டிமீட்டர், கையும் அதற்கேற்பப் பெரியது. நறுக்கி முடிப்பதற்குள் நடுவிரல் முட்டி பலகையில் இடித்து இடித்துச் சிவந்துவிடுகிறது.

அடுத்த மாதம் அலுவலக வேலையாக மூன்று வாரம் ஜப்பானில் நாகோயா நகரில் இருப்பேன். நல்ல கத்தி ஒன்று வாங்கிவர 20,000 யென் ஒதுக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் ‘சாந்தோக்கு’ வாங்கச் சொல்கிறார்கள். நீளமான, தடித்த கைப்பிடியாகப் பார்த்து வாங்கினால் போதுமா? கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா? பத்து வயது மகளும் என்னோடு சேர்ந்து நறுக்க ஆசைப்படுகிறாள். அவளும் அதே கத்தியைப் பிடிக்கலாமா?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

முட்டி சிவக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியிலேயே இருக்கிறது. உங்களுக்குக் குறைவது கைப்பிடி அன்று, அலகின் உயரம்.

இப்போது இருக்கும் கத்தியை எடுத்து, கைப்பிடியை ஒட்டிய மூலையில் முதுகிலிருந்து கூர் வரை அளந்து பாருங்கள். அந்த மூலையை ஜப்பானியர்கள் ‘அகோ’ என்கிறார்கள். தாடை என்று பொருள். கைப்பிடியைச் சுற்றி வளைந்த விரல்கள் தாடையின் உயரத்துக்குள் அடங்கினால்தான் கூர் பலகையைத் தொடும்போது முட்டி தொடாமல் இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் சின்னக் கத்திகளில் அந்த உயரம் இரண்டு விரல் அகலம்கூட வராது. அதற்குள் உங்கள் விரல்கள் எப்படி அடங்கும்?

நம் வீடுகளுக்கு இது புதிய துன்பம். அரிவாள்மனையில் அலகு நின்ற இடத்தில் நிற்கும், காய்தான் அதைத் தேடி வரும். கீழே இடிக்கப் பலகை கிடையாது. என் பாட்டனார் நல்ல ஆகிருதி உடையவர். கல்யாண வீடுகளில் சேனைக்கிழங்கை அரிவாள்மனையில் அவர் துண்டு போடும்போது கை பெரிதா சிறிதா என்ற கேள்வியே எழுந்ததில்லை. பலகையும் கத்தியும் வந்த பிறகுதான் கை கத்தியோடு சேர்ந்து கீழே இறங்க ஆரம்பித்தது. அந்த மாற்றத்தைக் கவனிக்காமல் எல்லோர் கையிலும் ஒரே சிறு கத்தியைக் கொடுத்துவிட்டோம்.

சாந்தோக்கு விஷயத்தில் உங்கள் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. அதைக் குறை சொல்லவில்லை. ஜப்பானிய வீடுகளில் அதிகம் புழங்கும் கத்தி அதுதான். ‘மூன்று நற்குணம்’ என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இறைச்சி, மீன், காய் மூன்றுக்கும் பொது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீடுகளின் சிறிய அடுக்களைகளில் அது பரவியது. நீளம் பெரும்பாலும் 165 முதல் 180 மில்லிமீட்டர், தாடை உயரம் 45 அளவில். நடுத்தரக் கைக்கு அருமையான கருவி. என் அண்ணனுக்கு உங்களைப் போலவே பெரிய கை. 165 மில்லிமீட்டர் சாந்தோக்கு ஒன்றை ஆசையோடு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்துப் போனபோது இழுப்பறையில் உறை பிரிக்காத புதுசு போல இருந்தது. “நல்லாத்தான் வெட்டுது தம்பி, கைதான் ஒதுங்க இடமில்லை” என்றார். அவர் கையை நான் அளந்து பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ‘க்யூதோ’. மாட்டு வாள் என்று நேர்ப்பொருள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், காய்க்கும் அதுவே சிறந்தது. ஜப்பானில் கி.பி. 675இல் தென்மு பேரரசர் மாடு உள்ளிட்ட சில விலங்குகளின் இறைச்சிக்குத் தடை விதித்தார். அதன் பிறகும் நூற்றாண்டுகளாக மாட்டிறைச்சி விலக்காகவே இருந்தது. 1872இல் மெய்ஜி பேரரசர் அதை உண்டார் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. மேற்கத்தியச் சமையல் உள்ளே வந்தது, பிரெஞ்சுச் சமையல்காரர்களின் நீண்ட கத்தியும் உடன் வந்தது. ஜப்பானியக் கொல்லர்கள் அதை மெலிதாக்கி, கூரின் வளைவைக் குறைத்து, தங்கள் எஃகில் அடித்தார்கள். அதுதான் க்யூதோ.

அதில் நீளம் கூடக் கூட உயரமும் கூடும். உங்களுக்கு முக்கியமான கணக்கு அதுதான். 210 மில்லிமீட்டர் க்யூதோவில் தாடை 45 அளவில் இருக்கும். 240இல் ஐம்பதைத் தொடும், சில பட்டறைகளில் தாண்டும். 270 உணவகச் சமையல்காரர்களுக்கு. வீட்டு மேடையில் அதைத் திருப்பக்கூட இடமிருக்காது. 240 வாங்குங்கள், தாடை 50க்குக் குறையாமல். அதே நீளத்தில் கொல்லருக்குக் கொல்லர் உயரம் மாறும் என்பதால் அளவுகோலை எடுத்துப்போய் அளந்தே வாங்குங்கள். கடைக்காரர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள்.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். தடித்த அட்டையில் 240க்கு 50 என்று ஒரு செவ்வகம் வெட்டி, மேல் ஓரத்தை ஒட்டி ஒரு குச்சியைக் கைப்பிடியாகக் கட்டி, உங்கள் பலகைமேல் நிறுத்திப் பிடித்துப் பாருங்கள். முட்டிக்குக் கீழே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருந்தால் போதும். பலகையின் நீளத்தையும் பாருங்கள். 40 சென்டிமீட்டராவது இல்லையென்றால் முதலில் பலகையை மாற்றுங்கள்.

இனி கைப்பிடி. முழுக்கையால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். சிறு கத்தியில் பழகிய எல்லோருக்கும் இருப்பதுதான். நீள அலகை அப்படிப் பிடித்தால் முனை ஆடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடிப்பகுதியை இருபுறமும் கிள்ளிப் பிடிக்கட்டும், மற்ற மூன்று விரல்களும் கைப்பிடியைச் சுற்றட்டும். கையில் பாதி அலகின் மேலேயே இருப்பதால் கைப்பிடி நீளம் பற்றிய கவலை குறைந்துவிடும். அப்போது வேறொன்று முக்கியமாகிறது: முதுகின் ஓரமும் தாடைக்குப் பின்புறமும் மழமழவென்று உருட்டிவிடப்பட்டிருக்கின்றனவா என்பது. விலை மலிந்த கத்திகளில் அந்த ஓரங்கள் வெட்டியது வெட்டியபடியே இருக்கும். தடித்த விரல் அதிகமாக அழுத்தும், சீக்கிரம் காய்த்துப் போகும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள்.

ஜப்பானிய மரபுக் கைப்பிடியையே கேளுங்கள். ‘ஹோ’ எனப்படும் ஜப்பானிய மக்னோலியா மரத்தில் செய்து, கழுத்தில் எருமைக் கொம்பு வளையம் இட்டிருப்பார்கள். ஈரக்கையில் வழுக்காது. எண்கோண வடிவம் பெரிய கைக்கு ஏற்றது. இந்த வகையில் கைப்பிடிக்கும் தாடைக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கழுத்து வெளியே தெரியும்படி விடுவது வழக்கம். உங்கள் நடுவிரல் போய் ஒதுங்க அந்த இடம் உதவும். ஆணி அடித்த மேற்கத்தியக் கைப்பிடியில் அந்த இடம் கிடையாது.

இந்தக் கைப்பிடியின் பெரிய நன்மை வேறு. அலகின் வாலைச் சூடாக்கிக் கைப்பிடியின் துளைக்குள் தட்டி இறக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். பழசானால் தட்டிக் கழற்றிவிட்டுப் புதியது போட்டுக்கொள்வார்கள். அங்கே கைப்பிடி தேய்ந்து மாறக்கூடிய பொருள், அலகுதான் கத்தி. பல கடைகளில் அலகைத் தேர்ந்த பிறகு ஒரு அளவு பெரிய கைப்பிடியைப் பொருத்தித் தரச் சொல்லலாம். ஆகவே கைப்பிடி சிறிதென்று நல்ல அலகை விட்டுவிடாதீர்கள். சின்னக் கைப்பிடியை மாற்றிவிடலாம், உயரம் போதாத அலகை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் உயரம் மயிரிழை அளவு குறைந்துகொண்டே வரும். ஜப்பானிய உணவகங்களில் பல்லாண்டுகள் தீட்டித் தீட்டிப் பாதியாக மெலிந்த கத்திகளைக் காணலாம். சிறு கை உள்ளவருக்கு அந்தத் தேய்மானம் அழகு. உங்களுக்கு அது ஆயுள் கணக்கு, கொஞ்சம் கூடுதல் உயரத்தோடே தொடங்குங்கள்.

நாகோயாவுக்கு அருகில் கீஃபு மாநிலத்தில் செக்கி இருக்கிறது. வாள் கொல்லர்களின் பழைய ஊர், இன்று பெரிய கத்தித் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே மேற்கத்தியக் கைப்பிடிக் கத்திகள் அதிகம். உங்களுக்கு நான் சொல்வது சகாய். ஷின்கான்சென் ரயிலில் ஒசாகா ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், சகாய் அதற்குத் தெற்கே ஒட்டியிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் புகையிலையைக் கொண்டுவந்த பின், அந்த இலையை மெல்லிய இழையாகச் சீவும் கத்திக்குப் புகழ்பெற்ற ஊர். பின்னர் எடோ (இன்றைய டோக்கியோ) நகரிலிருந்து ஜப்பானை ஆண்ட ஷோகன்கள் அந்தக் கத்திக்குத் தனி முத்திரையே கொடுத்தார்கள். இன்றும் அங்கே இரும்பை அடிப்பவர் ஒருவர், கூர் வைப்பவர் வேறொருவர், கைப்பிடி பொருத்துபவர் இன்னொருவர். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. ஒரு விடுமுறை நாளை அங்கே செலவழியுங்கள். மரபுக் கைவினை அருங்காட்சியகத்தில் கத்திகளைப் பார்க்கலாம், வாங்கவும் செய்யலாம்.

எஃகு பற்றிக் கேட்டீர்கள். ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். கார்பன் எஃகின் கூர் அலாதியானது, மறுக்கவில்லை. ‘வெள்ளைத்தாள்’, ‘நீலத்தாள்’ என்று ஆலையில் சுற்றி வந்த தாளின் நிறத்தையே அந்த எஃகுகளுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயர்களே எனக்குப் பிடிக்கும். ஆனால் நம் சமையலில் தக்காளியும் எலுமிச்சையும் வெங்காயமும் ஓயாமல் வரும். வாழைக்காய், வாழைப்பூவின் துவர்ப்பு கார்பன் அலகையும் கறுப்பாக்கும், காயையும் கறுப்பாக்கும். ஒவ்வொரு காய்க்குப் பிறகும் துடைத்து வைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மகளின் வீட்டுப்பாடமும் குழம்பும் ஒன்றாகக் கொதிக்கும்போது உங்களால் அது முடியாது. ஃபுகுயி மாநிலத்தில் தயாராகும் விஜி10 போன்ற ஸ்டெயின்லெஸ் எஃகு வீட்டுச் சமையலுக்கு நிறைவானது. உங்கள் 20,000 யென்னுக்குள் அதில் நல்ல கத்தி கிடைக்கும். அலைஅலையாகக் கோடு போட்ட அலகுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கோடு காயை நறுக்குவதில்லை.

இந்தக் கத்திகள் மிகக் கடினமானவை, அதனாலேயே உடையும் இயல்புள்ளவை. எலும்பில் போடக்கூடாது. உறைந்த இறைச்சி, மீன் தலை, தேங்காய் எதிலும் கூடாது. பூசணிக்குள் இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் நெம்பினால் கூர் பல்பல்லாகப் பெயர்ந்துவிடும். பழைய கத்தியை இந்த வேலைகளுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகை, கல் மேடை இரண்டும் பகை. மரப்பலகைதான் வேண்டும். தீட்டுவதற்கு 1000 எண் சாணைக்கல் ஒன்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். அவர் தொழில்மேல் எனக்கு மரியாதை உண்டு, அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர்தான் வேண்டும். ஆனால் தண்ணீரில்லாமல் சுழலும் சக்கரத்தின் சூடு இவ்வளவு மெல்லிய கூரின் பதத்தைக் கெடுத்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கூர் வைத்த கத்திகளையும் காட்டுவார்கள். அவை தனி வித்தை, இப்போது வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சமையல் மேடையின் உயரத்துக்கு ஜப்பானில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஆளின் உயரத்தில் பாதி, அதோடு ஐந்து சென்டிமீட்டர். உங்களுக்கு 99 வரும். உங்கள் வீட்டு மேடை அதைவிடக் கணிசமாகத் தாழ்ந்துதான் இருக்கும். தாழ்ந்த மேடையில் குனியும்போது மணிக்கட்டு மடங்கும், முட்டி இன்னும் கீழே இறங்கும். பலகைக்கு அடியில் உறுதியான மரச்சட்டம் கொடுத்து உயர்த்திக்கொள்ளுங்கள், ஆடாமல் இருக்க ஈரத்துணி விரியுங்கள். கத்தி வரும் முன்பே பாதி வலி போய்விடும்.

மகளிடம் உங்கள் கத்தியைக் கொடுக்காதீர்கள். 240 மில்லிமீட்டர் அலகை அந்தக் கை ஆளாது. உங்களுக்கு நேர்ந்ததற்கு நேர் எதிரான தவறை அவளுக்குச் செய்துவிடுவீர்கள். ஜப்பானில் குழந்தைகளுக்கென்றே கத்தி செய்கிறார்கள். குட்டை அலகு, உருண்டை முனை, சிறு கைக்கேற்ற மெல்லிய கைப்பிடி. ஆனால் கூர் நிஜமானது, ஏனென்றால் மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலில் ஏறும். அவள் உள்ளங்கையை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து எடுத்துப் போங்கள், உங்கள் கத்தி வாங்கும் கடையிலேயே காட்டிக் கேளுங்கள். இரண்டையும் கடையில் கட்டிக் கொடுத்தபடியே பிரிக்காமல் அறைக்குக் கொண்டுபோங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமில்லாமல் வெளியில் எடுத்துத் திரிவது அங்கே சட்டப்படி குற்றம். விமானத்தில் கைப்பையில் வைக்காமல், சரக்கில் போடும் பெட்டியில் வையுங்கள்.

அன்புடன்.